இளையோர் மாயப் புனைகதைகளில் துரோகமும் ஏற்றத்தாழ்வும்

மந்திரம், மாயவுலகு, மனிதரல்லாத இனங்கள் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு இளையோருக்கென எழுதப்படும் நெடுங்கதைகளை மாயப் புனைகதைகள் என்கிறோம். வாழ்க்கைச் சிக்கல்களிலிருந்து தப்பியோட வழிசெய்வன என இவற்றை ஒதுக்கிவிடும் போக்கு நம்மிடையே உண்டு. அது முழுமையான மதிப்பீடாகாது. மாயவுலகிலும் ஆள்வோரும் ஆளப்படுவோரும் உளர். அங்கும் வேற்றுமை ஏற்றத்தாழ்வாக மாற்றப்படுகிறது. அவ்வேற்றத்தாழ்விலிருந்தே பல கதைகளில் துரோகம் பிறக்கிறது.

வேற்றுமையும் ஏற்றத்தாழ்வும் ஒன்றல்ல. நிறத்தாலும் பிறப்பாலும் ஆற்றலாலும் மனிதர் வேறுபடுதல் இயல்பு. அவ்வேறுபாட்டைக் காரணங்காட்டி ஒருவரின் உழைப்பையும் உரிமையையும் மற்றவர் கவர்ந்துகொள்ளும்போதே ஏற்றத்தாழ்வு தோன்றுகிறது.

நமது மரபிலும் இதற்குச் சான்றுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆடப்பட்டுவரும் காத்தவராயன் கூத்தில், இழிந்தோனாகக் கருதப்படும் நாயகன் உயர்குலப் பெண்ணாகிய ஆரியமாலையை விரும்பிக் கழுவேறுகிறான். ஆயினும் அவன் தெய்வமகன் என்று கதை கூறிவிடுகிறது. சாதியெல்லையை மீறியவனுக்குத் தெய்வப் பிறப்பை வழங்குவதன்மூலம் அம்மீறலின் கூர்மை தணிக்கப்படுகிறது.

ஜே. கே. ரௌலிங் 1997 முதல் 2007 வரை வெளியிட்ட ஏழு ஹரி பொட்டர் நாவல்களிலும் இத்தகைய முரண்பாட்டைக் காணலாம். தூய குருதி பேசும் மந்திரவாதிகளை அவை வன்மையாகக் கண்டிக்கின்றன. ஆனால், கூலியின்றி உழைக்கும் வீட்டுக் குறளிகளின் அடிமைநிலை இறுதிவரை நீடிக்கிறது. ஐந்தாம் நாவலில் (2003) கிரீச்சர் என்னும் குறளி, தன்னை இகழ்ந்து நடத்திய எசமானனாகிய சிரியசைக் காட்டிக்கொடுக்கிறது. அதன் துரோகத்துக்கு அவனது அலட்சியமும் காரணமென்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் சுட்டிக்காட்டுகிறார். ஏழாம் நாவலில் அன்புடன் நடத்தப்பட்டதும் அக்குறளி மனம் மாறுகிறது. எசமானனின் குணம் திருந்துகிறது. எசமான் - அடிமை உறவு திருந்தவில்லை. ஆசிரியரின் மனிதநேயமும் அதன் எல்லையும் இங்கு ஒருங்கே புலப்படுகின்றன.

துரோகம் என்னும் சொல்லுக்கு நம் மண்ணிலுள்ள கனத்தையும் இவ்விடத்து மறத்தலாகாது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் தமிழ் இளைஞரைக் கொதிப்படையச் செய்த காலத்தில், உரும்பிராயைச் சேர்ந்த பொன். சிவகுமாரன் பொலிசாரிடம் அகப்படாதிருக்க நஞ்சருந்தி 1974 யூன் 5 இல் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டு யூலை 27 இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா துரோகியென முத்திரை குத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார், கொன்றோரும் இளைஞரே. ஏற்றத்தாழ்வுக்கு எதிராக எழுந்த நியாயமான சினம், தன்னுள்ளேயே வேற்றுமையைப் பொறுக்காத நிலைக்குச் சென்றது. 2009 இல் போர் முடிவடையும்வரை அம்முத்திரை தமிழர் பலரின் உயிரைப் பறித்தது. மாற்றுக்கருத்தே பலருக்குக் குற்றமாயிற்று.

இப்பின்னணியில் இரு கதைகள் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கன. ஆறாம் ஹரி பொட்டர் நாவலில் (2005) துரோகியாகக் காட்டப்பட்ட ஸ்னேப், ஏழாம் நாவலில் தன்னுயிரைப் பணயம் வைத்து உழைத்தவன் எனத் தெரியவருகிறது. இடைப்பட்ட இரண்டாண்டுகள் அவனைத் துரோகியெனவே நம்பிய வாசகர் பலர், தமது தீர்ப்பைத் தாமே மாற்ற வேண்டியவராயினர். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968 இல் வெளியிட்ட எர்த்சீ நாவல் இன்னும் ஆழமானது. அதன் நாயகன் கெட், செம்புநிறத்தவன். ஆடு மேய்த்த கொல்லன் மகன். மறைந்திருந்த உயர்பிறப்பு எதுவும் அவனுக்கு வழங்கப்படவில்லை. தன்னைத் துரத்தும் நிழலை இறுதியில் அவன் தன் சொந்தப் பெயராலேயே அழைக்கிறான். பகை வெளியில் மட்டும் இல்லை என்பதை இளம் வாசகர் அங்கு உணர்கின்றனர்.

எனவே, இத்தகைய நூல்களை இளையோரிடமிருந்து அகற்றுவதன்று, அவற்றை ஆராய்ந்து படிக்கப் பழக்குவதே நமது பணியாகும். துரோகி என்று ஒருவரைப் பெயரிடுபவர் யார்? அப்பெயரால் பயனடைபவர் யார்? அதற்குமுன் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி யாது? இவ்வினாக்களைக் காத்தவராயன் கூத்தோடும் இந்நாவல்களோடும் ஒருசேர எழுப்பும் வகுப்பறைகள் உரும்பிராயிலும் பிற ஊர்களிலும் உருவாதல் வேண்டும். ஒரு சொல்லின் பெயரால் இத்தனை இளைஞரை இழந்த சமூகத்துக்கு இது இலக்கியப் பயிற்சி மட்டுமன்று, சனநாயகப் பயிற்சியுமாகும்.