ஆடுவோர் செய்த கருவி ஆட்டத்தின் உடைமை ஆகுமா?

வீடியோ கேமை உருவாக்கும் நிறுவனம் ஓர் உலகத்தையும் அதன் விதிகளையும் வகுத்துத் தருகிறது. அந்த உலகில் பிழைத்துக் கிடப்பதற்கு வேண்டிய அறிவை ஆடுவோர்தாம் மெல்ல மெல்லச் சேர்க்கிறார்கள். எந்தப் பகைவனை எந்த ஆயுதம் வீழ்த்தும், அரிய பொருள் எந்த மலையடிவாரத்தில் கிடைக்கும், ஒரு பணியை முடித்தபின் அடுத்து யாரிடம் செல்லவேண்டும் என்பன போன்ற செய்திகளை முதலில் வாய்வழியே பகிர்ந்துகொள்ளும் அவர்கள், பின்னர் அவற்றைப் பட்டியலாகவும் வரைபடமாகவும் எழுதிவைக்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் அமையும்போது அவை திரையிலேயே தோன்றும் சிறு மென்பொருளாகவும் மாறிவிடுகின்றன. இத்தகைய கருவிகளை நிறுவனம் தன் விளையாட்டுக்குள்ளேயே இணைத்துக்கொள்ள வேண்டுமா, ஒதுங்கி நின்று அனுமதித்தால் போதுமா, அல்லது தடுக்கவேண்டுமா என்னும் வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராமல் நடந்துவருகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது தொலைதூரத்து வழக்குப்போலத் தோன்றலாம். ஆனால் பயன்படுத்துவோர் தாமே திரட்டிய அறிவுக்கும், அவர்களுக்கெனப் பெரிய அமைப்புகள் செய்து தரும் கருவிக்கும் இடையே உள்ள உறவு என்னும் வகையில், இதே கேள்வியை நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கடற்கரை நெடுங்காலமாக எதிர்கொண்டு வருகிறது. விளையாட்டில் நடந்தவற்றையும் கடலில் நடந்தவற்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், எதை இணைக்கலாம், எதை இணைக்கலாகாது என்பதற்கு ஓரளவு தெளிவான வரையறை கிடைக்கிறது.

சொல்லும் கருவியும் முடிவெடுக்கும் கருவியும்

இவ்வழக்கின் மிக நீண்ட வரலாறு, அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டுக்கு உரியது. பல்லாயிரவர் ஒரே உலகில் இணையவழியே கூடி ஆடும் அவ்விளையாட்டின் திரையமைப்பை லுவா என்னும் எளிய நிரல்மொழியில் மாற்றியமைத்துக்கொள்ள அந்நிறுவனம் தொடக்கத்திலேயே வழிவிட்டிருந்ததால், 'ஆட்-ஆன்' எனப்படும் துணைநிரல்களை, அதாவது மூல விளையாட்டைத் தொடாமல் அதன்மேல் பொருத்தப்படும் சிறு மென்பொருள்களை, ஆடுவோரே எழுதி இலவசமாகப் பகிரத் தொடங்கினர்.

அவற்றுள் 'டிகர்சிவ்' என்பது குறிப்பிடத்தக்கது. நாற்பது பேர் ஓரணியாகச் சேர்ந்து பெரும் பகைவன் ஒருவனை எதிர்க்கும் போரில், அணியினர்மீது விழும் சாபங்களையும் நச்சுகளையும் நீக்குவது மருத்துவப் பாத்திரம் ஏற்றவரின் வேலை. யார் பாதிக்கப்பட்டார், அவருக்கு எந்த மந்திரம் பொருந்தும், யாரை முதலில் காப்பது என்று கணநேரத்தில் தேர்வதே அந்த வேலையின் திறமை. டிகர்சிவ் வந்தபின் ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் போதும் என்றாயிற்று. ஆளையும் மந்திரத்தையும் நிரலே தேர்ந்துகொண்டது. 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில், போரின் நடுவே துணைநிரல்கள் இவ்வாறு தாமே முடிவெடுப்பதை பிளிசார்ட் தடுத்துவிட்டது. தகவலைத் திரையில் காட்டும் உரிமை மட்டும் எஞ்சியது.

இதற்கு நேர்மாறான முடிவைப் பெற்றது 'குவெஸ்ட் ஹெல்பர்'. ஆடுவோருக்குத் தரப்படும் பணிகளை எந்த இடத்தில் எந்த வரிசையில் முடிக்கலாம் என்று வரைபடத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டிய இத்துணைநிரல் பரவலான பயன்பாட்டைப் பெற்றிருந்த நிலையில், 2009 டிசம்பரில் வந்த 3.3 பதிப்பில் பணியிடங்களைக் காட்டும் வசதியை பிளிசார்ட் தானே வரைபடத்தில் சேர்த்துவிட்டது. பணி விவரத்தை வாசித்துத் திசையறிந்து தேடும் இன்பம் போயிற்று என்று அப்போது வருந்தியவர்களும் உண்டு. ஆயினும் 2019 ஆகஸ்டில், அம்புக்குறிகள் இல்லாத பழைய வடிவத்தை 'கிளாசிக்' என்னும் பெயரில் அந்நிறுவனம் மீண்டும் வெளியிட்டபோது, பழமையை நாடி வந்தோருள் ஏராளமானோர் 'குவெஸ்டி' என்னும் துணைநிரலைப் பொருத்தி அதே குறிகளைத் திரும்பக் கொண்டுவந்தனர். நிறுவனம் தரவில்லை என்பதற்காகத் தேவை மறைந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

இந்த இரு எல்லைகளுக்கும் நடுவே நிற்பது 'டெட்லி பாஸ் மாட்ஸ்' போன்ற எச்சரிக்கைக் கருவிகளின் வகை. பகைவனின் அடுத்த தாக்குதல் எத்தனை நொடியில் வரும், எவர் விலகி நிற்கவேண்டும் என்று இவை எண்ணிச் சொல்லும். பெரும்பாலோர் இவற்றைப் பொருத்தியே ஆடுகிறார்கள் என்பதை அறிந்த வடிவமைப்பாளர்கள், கருவி இருந்தும் கடினமாக இருக்கும்படி போர்களைச் சிக்கலாக்கினர். சிக்கல் கூடக்கூடக் கருவிகளும் நுட்பமாயின. இறுதியில் கருவியைப் பொருத்தாத புதியவர் ஆடவே இயலாத நிலை வந்தது. 2025-இல் பிளிசார்ட், 'மிட்நைட்' என்னும் அடுத்த விரிவாக்கத்தில் போர்க்கள நிகழ்வுகளைத் துணைநிரல்கள் கணித்துப் பயன்படுத்துவதை வெகுவாகக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்து, எச்சரிக்கைக் காட்டி, திறன்களின் காத்திருப்பு நேரத்தைக் காட்டும் பட்டை போன்றவற்றைத் தானே விளையாட்டுக்குள் அமைக்கத் தொடங்கியது. இருபது ஆண்டு இலவச உழைப்பால் ஆடுவோர் செய்து பார்த்துத் தேர்ந்தவை இவ்வாறு ஆட்டத்தின் உடைமையாயின. அவ்வுழைப்பைத் தந்த நிரலாளர் சிலருக்கோ தம் கருவிகளைக் கைவிட நேர்ந்தது.

சேர்த்துக்கொள்ளாமலே இடம் தருதல்

இணைத்தல், தடுத்தல் என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியும் உண்டு. பிரிட்டனின் ஜாகெக்ஸ் நிறுவனம் 2013 முதல் நடத்திவரும் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' விளையாட்டுக்கு, ஆர்வலர்கள் எழுதிய 'ரூன்லைட்' என்னும் திறமூல மென்பொருள், அதாவது மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் இயலும் மென்பொருள், பரவலான வாயிலாக அமைந்தது. 2018-இல் சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்த ஜாகெக்ஸ், ஆடுவோரின் எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கியது. 2021 செப்டம்பரில், தனியொருவர் பல காலம் உழைத்து உருவாக்கிய '117 எச்டி' என்னும் காட்சி மேம்பாட்டுக் கருவியை, தானே அதுபோன்ற ஒன்றைச் செய்யவிருப்பதாகக் கூறி வெளியிடாமல் நிறுத்தச் சொன்னபோதும், ஆடுவோரின் கொந்தளிப்புக்குப்பின் அதை வெளியிட ஒப்புக்கொண்டது. ஆடுவோர் தொகுத்த ரூன்ஸ்கேப் விக்கிக் களஞ்சியம் அதே 2018-இல் வணிகத் தளத்தைவிட்டுத் தனியே பிரிந்தபின், அக்களஞ்சியத்தைத் திறக்கும் பொத்தான் விளையாட்டின் திரையிலேயே இடம்பெற்றது. களஞ்சியத்தை எழுதுவோர் ஆடுவோராகவே இருக்க, அதற்குச் செல்லும் கதவை மட்டும் நிறுவனம் அமைத்தது.

தமிழருக்கு இன்னும் அணுக்கமான சான்று 'மைன்கிராஃப்ட்'. உலகெங்கும் சிறுவர் ஆடும் இவ்விளையாட்டின் கணினிப் பதிப்பைப் பல மொழிகளில் பெயர்க்கும் பணியை, அதன் நிறுவனமான மோஜாங், 'கிரௌடின்' என்னும் பொது மொழிபெயர்ப்புத் தளத்தின்வழித் தன்னார்வலர்களிடம் விட்டிருக்கிறது. ஆடுவோர் எழுதிய தமிழ், விளையாட்டின் மொழிப் பட்டியலிலேயே இடம்பெற்று, தனியே எதையும் தரவிறக்காமல் கிடைக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கைபேசியில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் இளைஞருக்கு அமைப்புப் பக்கங்களும் விதி விளக்கங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருவதும், அவற்றின் பொருளைத் தமிழ் யூடியூப் காணொளிகளும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களும் சொல்லித் தரவேண்டியிருப்பதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. மொழியே ஒரு தகவல் கருவி. அதை உள்ளே இணைப்பதால் எவருடைய திறமையும் குறைவதில்லை, வாயிற்படியில் நின்றவர் உள்ளே வருகிறார்.

குமரிக் கடலின் படிப்பினை

கரையிலிருந்து விலகிச் செல்லும் வள்ளத்திலிருந்து பார்க்கும்போது ஒரு தேவாலயக் கோபுரம் அதன் பின்னுள்ள மலைமுகட்டின்கீழ் வந்து நிற்கும் கோட்டையும், வேறொரு பக்கத்தில் இன்னும் இரு அடையாளங்கள் ஒன்றிச் சேரும் கோட்டையும் மனத்தில் இழுத்து, அவை வெட்டும் புள்ளியில் நீருக்கடியிலுள்ள பாரை, அதாவது மீன் கூடும் பாறைத்திட்டை, இம்மியும் பிசகாமல் கண்டுபிடிப்பது இக்கரையின் பழைய தொழில்நுட்பம். பிற்காலத்தில் ஜி.பி.எஸ். கருவியும், ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் ஒலியலையால் அறியும் எக்கோ சவுண்டரும் வந்தபோது, அந்தப் புள்ளிகள் எண்களாகி அக்கருவிகளின் நினைவகத்துக்குள் சென்றன. கருவி நிறுவனத்தினுடையது, அதனுள் உள்ள புள்ளிகள் மீனவருடையவை. அவற்றை உடன்பிறந்தாருக்கும் நெருங்கிய கூட்டாளிக்கும் தருவார்களேயன்றி ஊரறியச் சொல்வதில்லை.

மறுபுறத்தில் அரசு தரும் தகவல் இருக்கிறது. 1999-இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும்கொண்டு மீன் கிடைக்கத்தக்க பகுதிகளை அறிவிப்பதோடு, அலையின் உயரத்தையும் முன்னறிவிக்கிறது. இவ்வறிவிப்புகளைக் கைபேசியில் மீனவரின் மொழியிலேயே தரும் செயலியை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது.

2017 நவம்பர் 30 அன்று குமரிமுனைக்கு அருகே ஒக்கி புயல் உருவெடுத்தபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களைச் சேர்ந்த ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் தங்கலுக்காக அரபிக் கடலில் வெகுதொலைவு சென்றிருந்தனர். கைபேசி அலை கரையிலிருந்து சில கடல்மைல்களிலேயே நின்றுவிடும். வயர்லெஸ் என்று அவர்கள் அழைக்கும் வி.எச்.எஃப். கருவி அருகிலுள்ள படகுகளோடு பேசவே பயன்படும். எச்சரிக்கை சென்றுசேர வழியில்லாமல், இம்மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதன்பின், 2019 அக்டோபரில், ககன் செயற்கைக்கோள் அமைப்பின்வழி ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறும் ஜெமினி என்னும் கருவி வெளியிடப்பட்டது. கரையிலிருந்து செய்தி வரும், படகிலிருந்து மறுமொழி அனுப்ப இயலாது என்பது அதன் குறை. காற்று திசைமாறுவதையும் நீரோட்டம் வலுப்பதையும் முதலில் காண்பவர் படகில் இருப்பவரே. அவர் கண்டது முன்னறிவிப்பாளருக்குச் சேராதவரை, அந்தத் தகவல் அமைப்பு பாதியாகவே நிற்கிறது.

இவ்விரு வகை அறிவையும் ஒரே விதியால் அளக்க இயலாது. புயல் எச்சரிக்கை எந்த மீனவரின் திறமையையும் குறைப்பதில்லை. அது எல்லாப் படகிலும் கட்டாயமாக இருக்கவேண்டிய ஒன்று. பாரின் இருப்பிடமோ பல தலைமுறைகள் தேடிச் சேர்த்த முதல். அதை அரசுச் செயலி ஒன்று அள்ளிப் பொது வரைபடத்தில் இட்டுவிட்டால், தூண்டில் போடும் சிறு வள்ளக்காரர் கண்டுபிடித்த இடத்தை இழுவை மடி கட்டிய விசைப்படகுகள் சில பருவங்களில் துடைத்துவிடும். இணைத்தல் என்பது சிலவேளை கொடை, சிலவேளை பறிப்பு என்பதே கடல் உணர்த்துவது.

எங்கே கோடு இழுப்பது?

இதனை விளையாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் மூன்று அளவுகோல்கள் புலப்படுகின்றன. முதலாவது, அத்தகவல் இல்லாதவர் ஆட்டத்தில் நுழையவே இயலாதவராகிறாரா என்பது. மொழி, எழுத்தின் அளவு, நிறக்குருடு உடையோருக்கான வண்ண மாற்றம், காது கேளாதோருக்குக் காலடியோசை வரும் திசையைக் கண்ணுக்குக் காட்டும் குறி, தாக்குதல் வருவதை அறிவிக்கும் அடிப்படை எச்சரிக்கை ஆகியவை இவ்வகையின. இவற்றைத் தன்னார்வலர் ஒருவரின் ஓய்வுநேரத்தை நம்பி விட்டுவைப்பது முறையன்று. ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் துணைநிரல்கள் செயலிழப்பதும், எழுதியவர் சலித்து விலகினால் அதை நம்பியிருந்தோர் தவிப்பதும் வழக்கமான நிகழ்வுகள். ஆகவே இவை விளையாட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும்.

இரண்டாவது, கருவி சொல்கிறதா, முடிவெடுக்கிறதா என்பது. டிகர்சிவ் போல ஆடுவோரின் தேர்வைத் தானே செய்யும் கருவியை நிறுவனம் தடுப்பதில் நியாயமுண்டு. சுவருக்குப் பின்னால் மறைந்திருப்போரைக் காட்டும் கள்ள மென்பொருளையோ எந்த நிலையிலும் ஏற்க இயலாது. இணையவழிப் பணவிளையாட்டுகளைத் தடைசெய்த 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டுள்ள நிலையில், எந்தத் தகவல் எல்லாப் போட்டியாளருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறது என்பது இனி நடுவர்களும் வினவவேண்டிய ஒன்றாகிறது.

மூன்றாவது, அக்கருவி யாருடைய உழைப்பு என்பது. இதில்தான் நிறுவனங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. ஆடுவோரின் கருவி எத்தகையது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்திருந்து, நன்றென்று தெரிந்தபின் அதன் சாயலில் ஒன்றைச் செய்து, மூலக் கருவிக்கான வழியை அடைப்பது சட்டப்படி குற்றமாகாது. ஆனால் அடுத்த கருவியைச் செய்ய எவரும் முன்வராதபடி அது செய்துவிடும். பிளிசார்ட் 2009-இல் வகுத்த விதிப்படி துணைநிரலுக்கு எவரும் விலை வாங்கக்கூடாது; விலையில்லாமல் பெற்றதற்கு ஈடாகப் பெயரும் ஆலோசனை உரிமையும் தருவது அந்நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவாகாது. மைன்கிராஃப்டின் மொழிபெயர்ப்பு முறையும், ரூன்ஸ்கேப்பின் களஞ்சியப் பொத்தானும், ஆடுவோரிடமே அறிவை விட்டுவைத்து அதற்கு விளையாட்டுக்குள் இடம் அளிப்பது இயலும் என்பதைக் காட்டுகின்றன.

எனவே, ஆடுவோர் செய்த கருவிகளை விளையாட்டுக்குள் இணைக்கவேண்டுமா என்னும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. எல்லோரும் அறிந்தே தீரவேண்டியதை நிறுவனம் தன் செலவில் தரவேண்டும். தேடிக் கண்டறிவதில் இன்பமும் திறமையும் உள்ளவற்றைக் கண்டறிந்தவர்களிடமே விட்டு, அவர்கள் பகிர விரும்பினால் அதற்கு வழி மட்டும் அமைக்கவேண்டும். எதை எடுத்தாலும் செய்தவரைக் கேட்டே எடுக்கவேண்டும். இம்மூன்றில் முதலாவதைச் செய்யும் நிறுவனங்கள் பெருகிவருகின்றன. மூன்றாவதைச் செய்ய வைப்பது ஆடுவோரின் வலியுறுத்தலே என்பதற்கு ரூன்லைட்டின் வரலாறு போதும்; கடற்கரையில் அதே வலியுறுத்தலைச் செய்யவேண்டியவை மீனவர் சங்கங்கள், அதற்குச் செவிசாய்க்கவேண்டியவை மீனவர்களுக்கென அடுத்தடுத்துச் செயலிகளை வடிவமைக்கும் நிறுவனங்கள்.