காவலாளியே கட்டிக்குக் குழாய் போட்டால்?

பாசிர் கூடாங்வாசிகளுக்குக் குழாய்களின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகம், செம்பனை எண்ணெய் ஆலை, இரசாயனத் தொழிற்சாலை எல்லாமே குழாய்களை நம்பித்தான் ஓடுகின்றன. குழாயை மூடினால் ஆலை நின்றுவிடும். புற்றுநோய்க் கட்டிக்கும் ஏறக்குறைய அதே கதைதான்.

இரத்தம் வந்து சேராவிட்டால் ஒரு கட்டி 1, 2 மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது கடினம். இதை 1971இல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன். அப்படியானால் கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்களைப் போட்டுக் கொடுப்பது யார்? கட்டி மட்டுமல்ல, நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்களும்தான்!

மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கி அணுக்கள் நம் உடலின் காவலாளிகள். கையில் வெட்டுக்காயம் பட்டால் ஓடி வந்து கிருமிகளை விழுங்கும். அதோடு நிற்காமல், காயம் ஆறுவதற்குப் புதிய இரத்தக் குழாய்களையும் வரவழைக்கும். அதற்கு அவை சுரக்கும் பொருள்களில் ஒன்று வி.இ.ஜி.எஃப். என்ற புரதம். பிராணவாயு குறைந்த கட்டிக்குள் நுழையும்போதும் அவை அதே வேலையைச் செய்கின்றன. கட்டிகளை ‘ஆறாத புண்கள்’ என்று 1986இல் மருத்துவர் ஹெரால்ட் டுவோராக் வர்ணித்தது எவ்வளவு பொருத்தம்!

அவசரத்தில் போட்ட குழாய்கள் கோணல்மாணலாக இருக்கும், கசியும். அதனால் மருந்து சரியாகப் போய்ச் சேராது. புற்றணுக்களைக் கொல்லும் டி செல்களும் உள்ளே நுழையத் திணறும்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆய்வு செய்யும் ராக்கேஷ் ஜெயின் 2001இல் ஒரு மாற்று யோசனையை முன்வைத்தார். குழாய்களை அடியோடு அறுக்காமல், மருந்தால் கொஞ்சம் சீர்படுத்தினால் சிகிச்சை உள்ளே போகுமே என்றார். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொரு படி மேலே போனது. எலிகளில், சில வகை டி செல்களே குழாய்களைச் சீர்படுத்த உதவுவது தெரிந்தது. சீரான குழாய் டி செல்களை உள்ளே விடும். உள்ளே போன டி செல்கள் குழாயை மேலும் சீராக்கும்.

இந்த அறிவியல் இன்று கல்லீரல் புற்றுநோய் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. வி.இ.ஜி.எஃப்.ஐத் தடுக்கும் பெவாசிஸுமாப், டி செல்களைத் தட்டியெழுப்பும் அட்டெசோலிஸுமாப் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலையில் இருந்த 501 பேர் அதில் பங்கேற்றனர். ஓராண்டுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள், பழைய மருந்தில் நூற்றுக்கு 55 பேர். புதிய கூட்டு மருந்தில் 67 பேர். ஆனால் இது எல்லாருக்கும் ஏற்றதல்ல. இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் முன்கூட்டியே பரிசோதனை தேவை.

வானொலியில் நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் புற்றுநோய் ஓடிவிடுமா?” மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு விடை புரிந்திருக்கும். எதிர்ப்பு அணுக்கள் எத்தனை என்பது மட்டும் கணக்கல்ல, அவை யார் பக்கம் வேலை செய்கின்றன என்பதே முக்கியம். பொடியோ கஷாயமோ அந்தப் பக்கத்தை மாற்றும் என்பதற்குச் சான்று கிடையாது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் கட்டிக்குத்தான் லாபம்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி ஒரு முக்கியக் காரணம். மலேசியாவில் பச்சிளங் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த அப்பா, அம்மா, அத்தை, மாமா நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை கிளினிக்குக்கு அழைத்துப் போகும்போது, “டாக்டர், ஹெப்பாடைட்டிஸ் பி இரத்தப் பரிசோதனை செய்துவிடலாமா?” என்று கேளுங்கள்.