பாக்குக்கும் ஒரு பங்கு

அமெரிக்கா 1937-இலேயே தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. இலங்கையில் தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் ஆய்வு மானியம் வழங்குகின்றன, பணம்தான் சொற்பம். மருந்துக்கே தட்டுப்பாடு வரும் நாட்டில் ஆராய்ச்சி எதற்கு, வெளிநாட்டார் கண்டுபிடித்ததை வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். அதன் பெருங்காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை. மேற்கு நாடுகளில் பாக்கு மெல்லுவோர் மிகக் குறைவு. பாக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியை நமக்காக அவர்கள் முந்திக்கொண்டு கேட்கப்போவதில்லை. புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் வெளியிட்ட அறிக்கைக்கு, நம்மைப் போன்ற நாடுகளின் ஆய்வுகளே ஆதாரம்.

ஆய்வென்றால் கோடிக்கணக்கில் கருவி வேண்டும் என்பதும் முழு உண்மையல்ல. ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் வாயிலுள்ள ஆரம்ப மாற்றங்களை அவர்களே கண்டறிவார்கள் என்பதை 1980-களில் இலங்கையில் நடந்த ஆய்வே காட்டியது. 1984-இல் அது வெளியானது. தேவைப்பட்டது வெளிச்சமும் பழகிய கண்ணும். கப்பல்துறை போன்ற திருகோணமலைக் கிராமங்களில் அத்தகைய ஆய்வைச் செய்ய, மாவட்டத்திலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவமும் கற்பிக்கும் அந்த வளாகத்துக்கு, கொழும்பு அடுத்த மானியப் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.