முகச் சுருக்கத்திற்கு ஊசி: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது?

வில்லியனூர், பாகூர் வட்டாரங்களிலிருந்து எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகிறார்கள். படை, அரிப்பு, மங்கு என ஏதேனும் ஒன்றுக்காக வந்து, மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும் வேளையில், சற்றுத் தயக்கத்துடன் அதைக் கேட்கிறார்கள்: "முகச் சுருக்கத்துக்கு ஏதோ ஊசி இருக்காமே, போட்டுக்கலாமா டாக்டர்?" வீட்டில் திருமணம் நெருங்கும் மாதங்களில் இக்கேள்வி மேலும் பெருகுகிறது.

இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேட்பவர்களில் பலர் இரண்டில் ஒரு தவறான எண்ணத்துடன் வருகிறார்கள். "ஒரே ஊசியில் பத்து வயது குறைந்துவிடும்" என்பது ஒன்று. "அது விஷம், முகமே கோணிவிடும்" என்பது மற்றொன்று. இந்த ஊசி ஒரே ஒரு வேலையை, ஓரளவு காலத்திற்கு மட்டும் செய்கிறது. அந்த வேலை இன்னதென்று அறிந்துகொண்டால், அஞ்சவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்.

இது என்ன மருந்து?

மக்கள் பொதுவாகப் 'போடாக்ஸ்' என்கிறார்கள். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். மருந்தின் பெயர் பொட்டுலினம் நச்சு. கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு நுண்ணுயிரி இதை உண்டாக்குகிறது. 1820களில் ஜெர்மானிய மருத்துவர் யூஸ்டினுஸ் கெர்னர், சாசேஜ் எனப்படும் பதப்படுத்திய இறைச்சியை உண்டவர்களுக்குக் கண்ணிமை தொங்குவதையும் தசைகள் செயலிழப்பதையும் விரிவாகப் பதிவு செய்தார். 1895இல் பெல்ஜியத்தில் இறைச்சி உண்டு பலர் நோயுற்றபோது, அதற்குக் காரணமான நுண்ணுயிரியை எமில் வான் எர்மெங்கெம் கண்டறிந்தார்.

உயிரைப் பறிக்கக்கூடிய அந்தப் பொருளை மிகமிகச் சிறிய அளவில் மருந்தாக்கியவர் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்கும் கண்ணிமை இறுக்கத்திற்கும் அதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1989இல் அனுமதி வழங்கியது. கனடாவின் வான்கூவர் நகரில் கண் மருத்துவர் ஜீன் கரதர்ஸ், இமை இறுக்கத்திற்கு ஊசி போட்டுக்கொண்டவரின் புருவங்களுக்கு இடையே இருந்த சுருக்கமும் மறைந்ததை 1987இல் கவனித்தார். அவரும் தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்டர் கரதர்ஸும் 1992இல் இதை மருத்துவ இதழில் வெளியிட்டனர். புருவ இடைச் சுருக்கத்திற்கான அனுமதி 2002இல் கிடைத்தது.

இன்றும் இது அழகுக்கு மட்டுமான மருந்தன்று. பக்கவாதத்திற்குப் பின் இறுகி மூடிக்கொண்ட கைவிரல்களைத் தளர்த்தவும், மூளை வாதம் உள்ள குழந்தைகளின் இறுகிய கால் தசைகளுக்கும், ஒருபக்க முகத் துடிப்புக்கும், நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும், அக்குளில் மிகுதியாக வியர்ப்பதற்கும் இதே மருந்து பயன்படுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நரம்பியல் பிரிவில் இந்த ஊசி பரிந்துரைக்கப்பட்டால், "அழகு ஊசியை இவருக்கு ஏன் போடுகிறார்கள்?" என்று ஐயுற வேண்டாம்.

எவ்வாறு வேலை செய்கிறது?

தசை சுருங்க வேண்டுமானால், நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளியேறித் தசையை அடைய வேண்டும். இம்மருந்து அதைத் தடுக்கிறது. ஏரியின் மதகை அடைத்தால் வாய்க்காலில் நீர் வருவதில்லை. அதனால் ஏரியும் அழிவதில்லை, வயலும் அழிவதில்லை. மதகு மீண்டும் திறந்ததும் நீர் பாயும். அதுபோல, சில மாதங்களில் நரம்பின் நுனி தன் வேலையைத் திரும்பப் பெறுகிறது. தசையும் முன்போல் சுருங்கத் தொடங்குகிறது.

எந்தச் சுருக்கம் குறையும்?

வீட்டில் நீங்களே கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். முகத்தைத் தளர்வாக வைத்திருங்கள். பிறகு கோபப்படுவதுபோல் புருவத்தை நெரியுங்கள், புருவத்தை மேலே உயர்த்துங்கள், சிரியுங்கள். அசைக்கும்போது மட்டும் தோன்றும் கோடுகள் தசையின் இயக்கத்தால் வருபவை. புருவங்களின் இடையிலும், நெற்றியிலும், கண்ணோரத்திலும் உள்ள இத்தகைய கோடுகளே இந்த ஊசிக்கு நன்கு கட்டுப்படும்.

முகம் அமைதியாக இருக்கும்போதும் ஆழமாகப் பதிந்திருக்கும் கோடுகள் ஓரளவு மென்மையாகும். முற்றிலும் மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நெடுநாள் மடித்து வைத்த பட்டுப் புடவையைப் பிரித்தாலும் மடிப்பின் தடம் தெரிவது போன்றது அது.

மங்கு, கரும்புள்ளி, கண்ணின் கீழ்க் கருவளையம், தளர்ந்து தொங்கும் கன்னம், வெயிலால் தடித்துப்போன தோல் ஆகியவற்றை இந்த ஊசி மாற்றாது. நம் பகுதி மக்களின் தோலில் வயதும் வெயிலும் பெரும்பாலும் முதலில் நிற மாற்றமாகவே வெளிப்படுகின்றன. எனவே, "முகம் வயதாகத் தெரிகிறது" என்று வருவோரில் பலருக்குத் தேவைப்படுவது ஊசியன்று. மங்குக்கான சிகிச்சையும் வெயில் பாதுகாப்புமே. கன்னக் குழிவை நிரப்பும் 'ஃபில்லர்' ஊசி வேறு பொருள்; அதன் ஆபத்துகளும் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடாதீர்கள்.

ஊசி போடும் நாள்

மயக்க மருந்து தேவையில்லை. முகத்தைத் தூய்மைப்படுத்திப் புகைப்படம் எடுத்தபின், மிக நுண்ணிய ஊசியால் குறிப்பிட்ட இடங்களில் மருந்து செலுத்தப்படும். புருவ இடைக்குப் பெரும்பாலும் 5 இடங்கள். எறும்பு கடித்தாற்போல் வலி இருக்கும். ஐஸ் வைத்தால் அதுவும் குறையும். ஊசி பட்ட இடத்தில் கொசுக்கடி போன்ற தடிப்பு தோன்றிச் சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

அன்று அந்த இடத்தைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. 4 மணி நேரம் படுக்க வேண்டாம் என்றும், கடின உழைப்பையும் தலைச்சுமையையும் மறுநாளைக்கு ஒத்திவையுங்கள் என்றும் அறிவுறுத்துகிறோம். அழகு நிலையத்தில் முகத்தைப் பிடித்துவிடும் ஃபேஷியலும் சில நாட்களுக்கு வேண்டாம். இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் தலைக்கவசத்தைத் தவிர்க்கக் கூடாது; நெற்றியை இறுக்காதபடி அணிந்தால் போதும்.

அதன் பிறகு

வீடு திரும்பியதும் கண்ணாடியைப் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம். 2 அல்லது 3 நாட்களில் மாற்றம் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஏறத்தாழ 2 வாரம் ஆகும். பலன் 3 முதல் 4 மாதம் நிற்கும். பிறகு கோடுகள் படிப்படியாகத் திரும்பும். நிறுத்திவிட்டால் முகம் முன்பைவிட மோசமாகிவிடும் என்ற அச்சத்திற்கு அடிப்படையில்லை. பழைய நிலைக்கே திரும்பும். மீண்டும் போட வேண்டுமானாலும் 3 மாத இடைவெளி தேவை. அடிக்கடி போட்டால் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, மருந்து பலனளிக்காமல் போகலாம்.

திருமணத்திற்கு முதல் வாரம் வந்து கேட்பது பயன் தராது. இரத்தக் கட்டு ஏற்பட்டால் ஆறவும், சிறு திருத்தம் தேவைப்பட்டால் செய்யவும் நாள் வேண்டும். தை மாதத் திருமணமானால் மார்கழித் தொடக்கத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.

பக்க விளைவுகள்

சிறு வீக்கம், இரத்தக் கட்டு, லேசான தலைவலி ஆகியவை பலருக்கும் வந்து சில நாட்களில் நீங்கும். இரத்தக் கட்டு ஆறிய இடத்தில் சிலருக்குக் கருமை சற்றுக் கூடுதல் நாள் நிற்கலாம். புருவ இடைச் சுருக்கத்திற்கான ஆய்வுகளில் 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு மேலிமை தொங்கியது. மருந்து அருகிலுள்ள தசைக்குப் பரவுவதே காரணம். சில வாரங்களில் இது தானே சரியாகும். அதுவரை கண் துளி மருந்து ஓரளவு உதவும்.

மிக அரிதாக மருந்து உடலின் பிற பகுதிகளுக்கும் பரவக்கூடும். விழுங்குவதில், பேசுவதில், மூச்சு விடுவதில் சிரமம், பார்வை இரட்டையாகத் தெரிதல், உடல் முழுவதும் தளர்ச்சி ஆகியவற்றில் எது தோன்றினாலும், ஊசி போட்டுச் சில வாரங்கள் கடந்திருந்தாலும், உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

உடனிருப்போர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். திடீரென வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். "ஊசி போட்டதால் இருக்கும்" என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு–தசை நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை தொங்கும், உணவை மெல்லும்போதே தாடை சோர்ந்துவிடும் என்றால், ஊசியைக் கேட்பதற்கு முன் அதைச் சொல்லுங்கள். ஊசி போடும் இடத்தில் சீழ்க்கட்டியோ புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகள் இதன் விளைவைக் கூட்டக்கூடும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இரத்தக் கட்டு வர வாய்ப்பு அதிகம். ஆனால், ஊசிக்காக அந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நெற்றிக் கோட்டிற்காக அந்த விலையைக் கொடுக்கலாகாது.

யாரிடம், எங்கே?

இம்மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். முகத் தசைகளின் அமைப்பை அறிந்த, பதிவு பெற்ற மருத்துவரே செலுத்த வேண்டும். அழகு நிலையத்திலோ, வீட்டிலோ, விடுதி அறையிலோ போட்டுக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டில், போலியான அல்லது முறையாகக் கையாளப்படாத இத்தகைய ஊசிகளால் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் பயிற்சியோ உரிமமோ இல்லாதவர்களிடம், அல்லது மருத்துவமனை அல்லாத இடங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

ஆகவே தயங்காமல் கேளுங்கள்: மருந்துக் குப்பியைக் காட்ட முடியுமா? அதன் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் என்ன? எத்தனை யூனிட் போடுகிறீர்கள்? இவற்றைச் சீட்டில் எழுதித் தருவீர்களா? ஒரு நிறுவன மருந்தின் யூனிட்டும் மற்றொரு நிறுவன மருந்தின் யூனிட்டும் சமமானவை அல்ல. எனவே மருந்தின் பெயரும் யூனிட்டும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும். மறுமுறை வரும்போது அந்தச் சீட்டு எங்களுக்கு மிகவும் உதவும்.

குடும்பத்தாருக்கு

அழகுக்கான சிகிச்சையைக் காப்பீட்டுத் திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பலன் 4 மாதம் என்றால், அதைத் தொடர ஆண்டுக்கு 3 முறை செலவு செய்ய வேண்டும். முதல் ஊசியின் விலையை மட்டும் பார்க்காமல், ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ செய்துகொள்ள வேண்டிய சிகிச்சை இதுவன்று. தள்ளிப்போட்டால் எந்தத் தீங்கும் நேராது.

முடிவு, முகத்திற்கு உரியவருடையதாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரின் ஒரு சொல்லுக்காக, கோடே இல்லாத இளம்பெண்ணை ஊசிக்கு அழைத்து வருவதும் சரியன்று, ஐம்பது வயதில் ஒருவர் தாமே விரும்பிக் கேட்டால், "இந்த வயதில் உனக்கு எதற்கு?" என்று எள்ளுவதும் சரியன்று.

எல்லாருக்கும் உரிய மருந்து

ஊசி போட்டுக்கொண்டாலும் இல்லாவிட்டாலும், தோலை முதுமையாக்கும் பெருங்காரணம் வெயில். பாகூரின் வயல்களில் நடவும் களையெடுப்பும் செய்வோருக்கும், மீன் விற்கத் தெருத்தெருவாக நடப்போருக்கும் இது அன்றாடச் சுமை. அகன்ற விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, முக்காடு, குடை ஆகியவை மலிவான, உறுதியான பாதுகாப்பு. இயன்றவர்கள் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் களிம்பைப் பூசலாம். வெளியில் இருக்கும்வரை 2 மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். காலை 10 மணிக்குள் கூடிய அளவு வேலையை முடித்துக்கொள்வதும், புகைபிடிப்பதை விடுவதும் செலவில்லாத சிகிச்சைகள்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஊசி உங்களுக்குத் தேவையா, பொருந்துமா என்பதை அவற்றைப் பார்த்தபின் சேர்ந்தே முடிவு செய்வோம். தேவையில்லை என்றால், அதையும் தெளிவாகச் சொல்வோம்.