உளுந்து வயலும் ஆராய்ச்சிச் சாலையும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள வடக்கனந்தல் வட்டாரத்தில் உளுந்து விதைக்கும் குடியானவருக்கு மஞ்சள் தேமல் நோயைப்பற்றி எவரும் பாடம் கற்பிக்க வேண்டுவதில்லை. இளந்தளிரில் மஞ்சள் புள்ளி தோன்றும், பின்னர் இலை முழுவதும் வெளிறும், காய் சிறுத்துவிடும். வெள்ளை ஈ சுமந்து செல்லும் வைரஸே இதற்குக் காரணம். நோய் கண்ட செடியைப் பிடுங்கி எறியலாம், குணப்படுத்த மருந்தில்லை. நோயைத் தாங்கும் விதையே தக்க பரிகாரம்.

அத்தகைய விதையை உண்டாக்குவது எளிதன்று. இரு ரகங்களைக் கலந்து, பிறந்த சந்ததிகளைப் பல தலைமுறைகள் பயிரிட்டு, தேறிய செடிகளைப் பொறுக்க வேண்டும். வெள்ளை ஈ அதிகம் வராத ஆண்டில் நோய்க்கு இரையாகும் செடியும் வலிய செடிபோலவே தோன்றும். அவ்வாண்டின் உழைப்பு பெரிதும் வீணாகும். இவ்விடர்ப்பாட்டை நீக்க வந்ததே மரபணு அடையாளக் குறி. எதிர்ப்புச் சக்தி தரும் மரபணுவுக்கு அருகிலிருந்து, பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே சந்ததிக்கு இறங்கும் துண்டு அது. முளைத்த சில நாட்களிலேயே ஓர் இலையைக் கிள்ளிச் சோதித்தால், நோய் வரும்வரை காத்திராமலே செடியைத் தெரிந்தெடுக்கலாம். டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் 2006-ல் உளுந்தில் இத்தகைய குறி ஒன்றை வெளியிட்டனர்.

எனினும், குறி வழிகாட்டும் கைகாட்டி மரம் மட்டுமே. அது சில சந்ததிகளில் மரபணுவை விட்டுப் பிரிந்துபோவதும் உண்டு. மேலும், வடநாட்டில் பெரும்பாலும் பரவும் வைரஸ் வேறு. தென்னாட்டில் பரவுவது வேறு. ஆகையால் ஓரிடத்தில் தேறிய குறியை மற்றோரிடத்தில் சோதியாமல் நம்புவது விவேகமாகாது. புதுக்கோட்டை ஜில்லா வம்பனிலுள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி நிலையம் இந்நோயைத் தாங்கும் ரகங்களை அளித்து வந்திருக்கிறது. இனி, தெரிந்தெடுக்கும் செடிகளைக் கள்ளக்குறிச்சி ஜில்லாவின் குடியானவர் வயல்களிலும் விதைத்துப் பார்ப்பது அவசியம்.

இப்பணியைச் சர்க்காரே ஏற்க வேண்டுமென்பதற்குத் தக்க காரணமுண்டு. உளுந்து தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். நல்ல விதை ஒருமுறை கைக்கு வந்தால் அடுத்த போகத்துக்கு வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருடன் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001-ம் வருஷத்திய பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு காப்பாற்றுகிறது. ஆண்டுதோறும் விதை விற்று லாபம் காண விரும்பும் வியாபாரிக்கு இதில் ஊக்கமிராது. பொதுஜனங்களின் வரிப்பணமே இதற்குக் கை கொடுக்க வேண்டும்.

பர்மாவிலிருந்து உளுந்து தருவிக்கும் தேசம், தன் வயலில் விளைவதை வைரஸுக்கு இரையாக்கலாமா? ஆராய்ச்சிக்கும் விதைப் பெருக்கத்துக்கும் போதிய பணம் ஒதுக்கி, நல்ல விதையைப் பருவத்துக்கு முன்பே வடக்கனந்தல் போன்ற ஊர்களில் நியாய விலைக்குக் கிடைக்கச் செய்வது அதிகாரிகளின் கடமையாகும்.