தொண்டையில் துளை போட்டால் பேச்சே போயிடுமா? ஐசியூ டிராக்கியோஸ்டமி: குடும்பத்தினர் தெரிஞ்சுக்க வேண்டியவை!

"தொண்டையில துளை போடணும், கையெழுத்து போடுங்க." ஐசியூ வாசலில் டாக்டர் இப்படிச் சொன்னதும் பல குடும்பங்கள் பதறிப்போகின்றன. 'இனி பிழைக்க மாட்டாரோ' என்பதுதான் முதல் பயம். ஆனால் டிராக்கியோஸ்டமி என்பது டாக்டர்கள் கைவிட்டதற்கான அறிகுறி அல்ல.

எதுக்காக செய்றாங்க?

வென்டிலேட்டருக்கான குழாயை முதலில் வாய் வழியாகத்தான் செலுத்துவார்கள். அதைத் தாங்கிக்கொள்ள மயக்க மருந்து தேவை. நாட்கள் கூடினால் வாயும் குரல்வளையும் புண்ணாகலாம். கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு, மூச்சுக்குழாயில் நேரடியாகக் குழாய் வைத்தால் மயக்க மருந்தைக் குறைக்கலாம். நோயாளியை எழுப்பி உட்கார வைப்பதும், வென்டிலேட்டரைப் படிப்படியாகக் குறைப்பதும் எளிதாகும்.

சீக்கிரம் செய்தால் நல்லதா?

பிரிட்டனில் சுமார் 900 நோயாளிகளிடம் நடந்த 'டிராக்மேன்' ஆய்வு 2013-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு 4 நாட்களுக்குள் டிராக்கியோஸ்டமி. மற்றவர்களுக்கு 10 நாட்களுக்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும். 30 நாள் இறப்பு விகிதம் முறையே 30.8%, 31.5%. அதாவது, பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்த பிரிவில் பாதிப் பேருக்கும் குறைவானவர்களுக்கே துளை போட வேண்டி வந்தது. எனவே, 'சில நாள் பார்க்கலாம்' என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் இல்லை.

பேச்சு போயிடுமா?

குழாய் இருப்பது குரல் நாண்களுக்குக் கீழே. குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூன் காற்றை மேலே விடாததால்தான் குரல் வருவதில்லை. உடல் தேறியதும் பலூனைச் சுருக்கி, பேசுவதற்கான வால்வைப் பொருத்தினால் பலரால் பேச முடியும். பலூன் ஊதியிருக்கும்போது வால்வை மாட்டவே கூடாது. உள்ளே போன மூச்சு வெளியே வராது! தேவை முடிந்து குழாயை எடுத்தபின், பெரும்பாலும் துளை தானாகவே மூடிக்கொள்ளும்.

கவனிப்பில் என்னென்ன முக்கியம்?

* மூக்கு வழியே போகாத காற்று வறண்டிருக்கும். அதை ஈரப்படுத்தாவிட்டால் சளி இறுகி குழாயை அடைத்துவிடும்.

* சளியை சக்‌ஷன் மூலம் எடுக்க வேண்டும். உள்குழாயை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

* அதே அளவிலும், ஒரு சைஸ் சிறியதாகவும் மாற்றுக் குழாய்கள் படுக்கை அருகிலேயே இருக்க வேண்டும்.

பெரிய ஆபத்து எது?

குழாய் இடம் நகர்வதுதான். முதல் வாரத்தில் துளையின் பாதை உறுதியாகியிருக்காது. மீண்டும் குழாயைச் செருகுவது கடினம். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது கூடுதல் கவனம் தேவை. குழாய் நகர்ந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உறவினர்கள் தாங்களே சரிசெய்யப் பார்க்காமல் உடனே நர்ஸை அழைக்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

டிராக்கியோஸ்டமி மூச்சுக்கு வழி தரும், நோயைக் குணமாக்காது. டிராக்மேன் ஆய்வில் 2 ஆண்டுகளுக்குள் இரு பிரிவிலுமே பாதிக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடிப்படை நோயும், வயதும், உடல்நிலையும்தான். அதனால் கையெழுத்துப் போடும் முன் 'துளை போடலாமா?' என்பதோடு, 'நோய் குணமாக எவ்வளவு வாய்ப்பு, குழாய் எப்போது எடுப்பீங்க, வீட்டுக்குப் போனால் யார் பார்த்துக்கணும்?' என்றும் கேட்டுவிடுங்கள்.