தெருநாய் மீட்பு: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

தெருநாய் மீட்பு என்பது, உரிமையாளர் இல்லாமல் தெருவில் வாழும் நாய்களைக் காக்கும் பணியாகும். அடிபட்ட, நோயுற்ற நாய்களுக்குச் சிகிச்சை அளிப்பது, கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது, தெருவில் பிழைக்க முடியாதவற்றுக்கு வீடு தேடித் தருவது ஆகியவை இதில் அடங்கும். சென்னை போன்ற பெருநகரங்களில் இதற்கெனத் தொண்டு நிறுவனங்கள் உள்ளன. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் பெரும்பாலும் தெருவாசிகளே, வீட்டில் நாய் வளர்ப்போரே இப்பணியைத் தொடங்கவேண்டியிருக்கிறது. அடிபட்ட நாயைத் தூக்கிச் சென்று மருந்து போடுவது மீட்பின் முதல் படி மட்டுமே. அந்த நாயும் அதன் தெருவில் வாழும் மனிதர்களும் அச்சமின்றி இருக்கும் நிலை வந்தால்தான் மீட்பு நிறைவடைகிறது.

வட்டாரமும் நாய்களும்

கடலூர் 2021-இல் மாநகராட்சியானது. சிதம்பரம் இதே மாவட்டத்தின் தென்பகுதியில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் அமைந்த நகராட்சி. இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலைவழித் தொலைவு சுமார் 45 கிலோமீட்டர்.

நாய்கள் எங்கே கூடும் என்பதை உணவே தீர்மானிக்கிறது. கடலூர் முதுநகர்த் துறைமுகம், தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் மீன் கழிவு. திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் உணவகக் கழிவு. சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதிகளிலும் அண்ணாமலைநகர் விடுதிகளைச் சுற்றியும் மிஞ்சிய சோறு. இந்த உணவு ஒரே சீராகக் கிடைப்பதில்லை. கடலில் படகு இறங்காத நாட்களிலும், விடுதிகள் மூடும் நீண்ட விடுமுறையிலும் அதை நம்பியிருந்த நாய்கள் பட்டினி கிடக்கின்றன. வேறு தெருவுக்குப் போய்ச் சண்டையிடுகின்றன. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது அடிபடுகின்றன.

தமிழ் மரபில் நாய்

நாயைப் பற்றிய தமிழர் மனம் எப்போதும் இரண்டாகவே இருந்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரைக் குருளை என்கிறது. சங்க இலக்கியத்தில் நாய் வேட்டுவரின் துணை. அதற்கு ஞமலி என்ற பெயரும் உண்டு. தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலாட்டும் உயிர் என்று நாலடியார் நாயின் நன்றியை எடுத்துக்காட்டுகிறது.

தில்லையில் முத்தி பெற்றவராகக் கருதப்படும் மாணிக்கவாசகர் திருவாசகத்தில் தம்மைப் பலமுறை 'நாயேன்' என்று சொல்லிக்கொள்கிறார். தாழ்மையைச் சொல்ல நாய் என்ற சொல் பயன்பட்டாலும், ஆண்டவன் கைவிடாத அடிமை என்ற பொருளும் அதில் இருக்கிறது. சைவக் கோயில்களில் பைரவரின் ஊர்தி நாய். தேய்பிறை அட்டமியில் பைரவரை வழிபட்டுத் தெருநாய்களுக்கு உணவிடும் வழக்கம் இன்றும் உள்ளது. அதே ஊரில், 'நாயே' என்பது வசைச்சொல்லாகவும் இருக்கிறது. மீட்புப் பணியில் இறங்குவோர் இந்த இரண்டு மனநிலையையும் ஒரே தெருவில் சந்திக்க நேரும்.

கொல்லுதலிலிருந்து கருத்தடைக்கு

தமிழ்நாட்டில் விலங்கு மீட்பு அமைப்பாக வளர்ந்ததற்குச் சென்னையின் புளூ கிராஸ் முதன்மையான எடுத்துக்காட்டு. 1959-இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் தியாகராய நகரில் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததே இதன் தொடக்கம். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. குடும்பத்தினர் வீட்டிலேயே நடத்திய பணி 1964-இல் பதிவுபெற்ற நிறுவனமாயிற்று.

அக்காலத்தில் மாநகராட்சிகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தன. எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை. ஒரு தெருவில் நாய்கள் அகற்றப்பட்டதும், அங்கே மிஞ்சிக் கிடக்கும் உணவைத் தேடிப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து குடியேறுகின்றன. பெண் நாயின் கருக்காலம் சுமார் 63 நாட்கள். ஆண்டுக்கு இருமுறை வரை குட்டி ஈனக்கூடும். அதனால் காலியான இடம் விரைவில் நிரம்பிவிடுகிறது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று புளூ கிராஸ் நெடுங்காலம் வலியுறுத்தியது. 1996-இல் சென்னை மாநகராட்சி இம்முறையை ஏற்றுக்கொண்டது.

சட்டங்கள்

நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியின் விளைவாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1962-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய விலங்குகள் நல வாரியம் அமைக்கப்பட்டு, அவரே அதன் முதல் தலைவரானார். இச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, விலங்கை வதைக்கும் முதல் குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் வருகின்றன. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். எனவே நாய்க்கு நஞ்சு வைத்தவர்மீது புகார் அளிப்போர் இரண்டாவது பிரிவையும் குறிப்பிடுவது நல்லது.

கருத்தடை தொடர்பான விதிகள் முதலில் 2001-இலும், அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2023-இலும் வெளியாயின. கருத்தடையும் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு உரியது என்று இவை கூறுகின்றன. அறுவை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு அடையாளம் இடப்படும். காதில் இந்த அடையாளம் உள்ள நாயை மீண்டும் பிடித்துச் செல்லத் தேவையில்லை என்று தெருவாசிகள் அறிந்துகொள்ளலாம்.

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அதே பகுதியில் விடவேண்டும் என்றும், வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை ஆகியவற்றை விடக்கூடாது என்றும் ஆணையிட்டது. நாய்களுக்கு உணவிட ஒவ்வொரு வார்டிலும் தனி இடம் ஒதுக்கவும் அது கூறியது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று பிறப்பித்த ஆணையில், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்கவேண்டும் என்றது. பல்கலைக்கழகமும் கோயிலும் பேருந்து நிலையமும் நெருங்கியிருக்கும் சிதம்பரம் போன்ற ஊரில், எந்த நாய் எந்த ஆணையின்கீழ் வருகிறது என்பது அது வாழும் இடத்தைப் பொறுத்தது.

வெறிநோய்

தெருநாய்களைக் குறித்த அச்சத்தின் வேர் வெறிநோய். ரேபிஸ் எனப்படும் இந்நோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எல்லாரும் இறந்துவிடுகின்றனர். ஆனால் கடிபட்ட உடனே முறையாகச் சிகிச்சை பெற்றால் நோய் வராமல் தடுக்க முடியும். 1885-இல் லூயி பாஸ்ச்சர் இதற்கான தடுப்பு மருந்தை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார். அவர் பெயரால் 1907-இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் தொடங்கப்பட்ட நிறுவனம் இன்றும் தடுப்பூசிப் பணியில் ஈடுபட்டுள்ளது.

நாய் கடித்தால், பல் பட்டால், நகம் கீறி இரத்தம் வந்தால் செய்யவேண்டியவை:

1. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது.

2. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லவேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளைப் பூச்சியமாகக் கொண்டு 3, 7, 28-ஆம் நாட்களில் அடுத்த ஊசிகள் தோலுக்குள் போடப்படும். ஒன்றையும் விடக்கூடாது.

3. இரத்தம் வந்த கடியாக இருந்தால், புண்ணைச் சுற்றி எதிர்ப்பொருள் ஊசியும் தேவைப்படும். அதை மருத்துவரிடம் கேட்டுப் பெறவேண்டும்.

4. கடித்தது குட்டிதானே என்று விட்டுவிடக்கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும்.

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல். கோவா மாநிலத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடப்பட்டது. அங்கே மூன்று ஆண்டுகளாக வெறிநோயால் மனிதர் எவரும் இறக்கவில்லை என்று 2021-இல் அம்மாநில முதல்வர் அறிவித்தார். தடுப்பூசி போட்ட, கருத்தடை செய்த, தெருவாசிகளை அறிந்த நாய் தன் தெருவில் இருக்கும்வரை, தடுப்பூசி போடாத வெளிநாய் எளிதில் உள்ளே வராது. அந்தத் தெருவின் குழந்தைகளுக்கு அது ஒரு காவல்.

அடிபட்ட நாயைக் கண்டால்

வலியில் இருக்கும் நாய் தனக்குச் சோறு போட்டவரையும் கடிக்கும். முதலில் போக்குவரத்தை விலக்கிவிட்டு, அதன் பார்வைபடும்படி பக்கவாட்டிலிருந்து மெதுவாக அணுகவேண்டும். மூச்சுத்திணறலோ வாந்தியோ இல்லாவிட்டால், துண்டுத்துணியால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். எலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் கால்களைப் பிடித்துத் தூக்காமல், சாக்கு அல்லது போர்வையில் நகர்த்தி அப்படியே எடுத்துச் செல்லவேண்டும். வாயில் நுரை தள்ளிக்கொண்டு, தள்ளாடி, காரணமின்றிக் கடிக்கப் பாயும் நாயைத் தொடவே கூடாது. உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

அரசு கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கும் சிகிச்சை உண்டு. 1962 என்ற எண்ணில் இயங்கும் நடமாடும் மருத்துவ ஊர்தி முதன்மையாக ஆடுமாடுகளுக்கானது. எலும்பு அறுவை போன்ற பெரிய சிகிச்சைக்கு, கடலூருக்கு வடக்கே புதுச்சேரி குரும்பாப்பேட்டையிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் அருகில் இருப்பதாகும். சிதம்பரத்திலிருந்து அங்கே செல்ல வண்டி வாடகையே பெருஞ்செலவு. சிறிய ஊர்களில் மீட்பு பெரும்பாலும் மருந்தில்லாமல் தடைபடுவதில்லை, வண்டி கிடைக்காமலே தடைபடுகிறது. நாயை ஏற்றிச்செல்ல மறுக்காத ஆட்டோக்காரர் ஒருவரை முன்பே தெரிந்துவைத்திருப்பது பெரிய உதவி.

புண்ணில் புழு வைப்பதும், சொறியால் மயிர் உதிர்வதும், பிறப்புறுப்பில் தொற்றும் கட்டியும் தெருநாய்களிடம் மிகுதி. பார்ப்பதற்கு அருவருப்பாக இருந்தாலும் இவை மூன்றும் தகுந்த மருந்தால் குணமாகக்கூடியவை. மருந்தின் அளவை மருத்துவரே சொல்லவேண்டும்.

பேரிடர் காலம்

இந்தக் கடற்கரை பேரிடருக்குப் பழகியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆழிப்பேரலையின்போது புதுச்சேரியை அடுத்த சின்னக்காலாப்பட்டில், குடிசைக்குள் ஓடி ஒளிந்த ஏழு வயதுச் சிறுவனைச் செல்வகுமார் என்ற வீட்டுநாய் சட்டையைக் கவ்வியும் மூக்கால் முட்டியும் மேட்டுக்கு ஏற்றிவிட்டதாகச் செய்தி வெளியாகி உலகெங்கும் பரவியது.

புயல் எச்சரிக்கை வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, கட்டியிருக்கும் நாயை அவிழ்ப்பது. கட்டிவைத்த நாயால் நீந்தித் தப்ப முடியாது. அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயலின்போது வளர்ப்பு விலங்குகளை விட்டுவர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கினர். அதன்பிறகு, மக்களை வெளியேற்றும் திட்டத்தில் அவர்களின் விலங்குகளையும் சேர்க்கவேண்டும் என்று அந்நாடு 2006-இல் சட்டம் இயற்றியது. விலங்கைக் காப்பது மனிதரைக் காப்பதோடு பிணைந்தது என்பதை அது காட்டுகிறது.

உதவும் வழிகள்

உணவிடுதல்: நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒதுக்கப்பட்ட இடத்தில், வாசற்படிக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் தள்ளி உணவு வைத்து, மிச்சத்தை அகற்றிவிடவேண்டும். உணவுக்குப் பழகிய நாயையே கருத்தடைக்கு எளிதில் பிடிக்க முடியும். கருத்தடை செய்விக்காமல் உணவு மட்டும் இட்டால் குட்டிகள் பெருகும்.

கணக்கெடுப்பு: தெருவில் எத்தனை நாய், எத்தனை பெண், எவற்றுக்குக் காதில் அடையாளம் உண்டு என்று எழுதி, தெருவாசிகள் கையொப்பமிட்டு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ மனு கொடுக்கலாம்.

தத்தெடுத்தல்: நாட்டு நாய்க்குட்டி இந்த வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றது. குட்டியை வாங்குமுன் அது தாயிடம் எட்டு வாரமாவது இருக்கவேண்டும். ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான ஊசியும், மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசியும் தொடங்கி, மருத்துவர் சொல்லும் கெடுவில் தொடரவேண்டும். நாய் 10 முதல் 15 ஆண்டு வாழும். வீட்டில் எல்லாரும் சம்மதித்த பிறகே எடுத்துவருவது முறை.

தற்காலிகப் புகலிடம்: அறுவை முடிந்த நாய்க்குச் சில நாட்கள் ஒரு கொட்டகையோ மொட்டைமாடியோ தருவதும் மீட்பே. காப்பகம் அருகில் இல்லாத ஊர்களில் பணத்தைவிட இந்த இடமே அரிது.

தன்காப்பு: நாய்களைக் கையாளுவோர் கடிபடும்வரை காத்திராமல் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். எல்லா நாய்களையும் ஒருவரால் மீட்க முடியாது. தன் தெருவிலுள்ள நாய்கள் அனைத்துக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் ஆகும்படி ஒருவர் பார்த்துக்கொண்டால், அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் பசியோடு பிறக்கும் குட்டிகள் இரா. நாய்க்கடிக்கு அஞ்சும் தாய்மாரும் குறைவர்.